கமரா நடுவிலை நிக்குதோ? பிழை கார்ட்டிலையோ பஃபரிலையோ எண்டு பிடிக்கிற வழி

கலியாண மாதமும் கோயில் திருவிழாவும் தொடங்கினா தம்பிமார் கேக்கிறது அனேகமா ஒரே கேள்விதான், "அண்ணை, கமரா நடுவிலை நிண்டிட்டுது, 64 ஜிபி போதாது போல கிடக்கு, 256 ஒண்டு வாங்கட்டோ?" எண்டு. கடையிலை காசைக் குடுக்கமுதல் இதை ஒருக்கா வாசியுங்கோ. கார்ட்டிலை மொத்தமா எத்தினை படம் கொள்ளும் எண்டது ஒரு கணக்கு, ஒரே அமத்திலை தொடர்ந்து எத்தினை படம் எடுக்கலாம் எண்டது வேறை கணக்கு, ஆறாவது படத்தோடை நிக்கிற கமராவுக்கு 256 ஜிபி போட்டாலும் அது ஆறாவது படத்தோடைதான் நிக்கும். அதாலை முதல் கமரா என்ன மாதிரி நிக்குது எண்டு வடிவாப் பாருங்கோ, பிறகு கீழை உங்கடை பிரச்சினை எதோ அதுக்குப் போங்கோ.

நல்ல வேகத்திலை எடுத்துக்கொண்டு வந்து திடீரெண்டு தவழத் தொடங்குது

கூடுதலா வாறது இதுதான். மாட்டுவண்டிச் சவாரியிலை மாடுகள் தூரத்திலை கிளம்பேக்கையே சட்டரை அமத்திப் பிடிச்சா முதல் மூண்டு செக்கன் மெசின் மாதிரி எடுக்கும், மாடு ரெண்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சரியா உங்களுக்கு முன்னாலை வரேக்கை கமரா ஒண்டு... பிறகு இன்னொண்டு... எண்டு நிக்கும். கண் வைச்சுப் பாக்கிற இடத்திலை "பிஸி" எண்டு வரும், கார்ட் மூடிக்குப் பக்கத்திலை இருக்கிற சிவப்பு லைற் அணையாமல் எரியும். இப்பிடி எண்டா கார்ட் நிரம்பேல்லை, கமரா பழுதும் இல்லை, பஃபர் நிரம்பியிருக்கு.

பஃபர் எண்டது கமராவுக்குள்ளையே இருக்கிற தற்காலிக மெமரி. எடுக்கிற படம் நேரை கார்ட்டுக்குப் போறேல்லை, முதல் பஃபருக்கு வந்து அங்கையிருந்துதான் கார்ட்டுக்கு எழுதுப்படுது. வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கிறதை நினைச்சுப் பாருங்கோ, மெசின் கிணத்துத் தண்ணியைத் தொட்டிக்குள்ளை ஊத்துது, தொட்டியாலை வாய்க்காலுக்குப் போகுது, மெசின் ஊத்திற வேகத்துக்கு வாய்க்கால் இழுக்காட்டி தொட்டி நிரம்பத்தான் செய்யும், பிறகு வாய்க்கால் இழுக்கிற அளவுக்குத்தான் மெசினும் ஓடலாம்.

கணக்குப் போட்டுப் பாத்தா இன்னும் விளங்கும். 24 மெகாபிக்சல் கமராவிலை ஒரு ரோ ஃபைல், அதாவது கமரா ஒண்டும் திருத்தாமல் அப்பிடியே தாற படம், கிட்டத்தட்ட 28 எம்பி எண்டு வையுங்கோ. செக்கனுக்கு 7 படம் எண்டா உள்ளுக்கு வாறது 196 எம்பி. கார்ட் செக்கனுக்கு 80 எம்பி எழுதுது, மிச்சம் 116 எம்பி பஃபரிலை சேருது. பஃபர் 500 எம்பி எண்டா நாலு செக்கன் சொச்சத்திலை நிரம்பிடும், அதுக்குள்ளை 30 படம் எடுத்திருப்பியள். இப்ப அந்தக் கார்ட்டைக் கழட்டிப்போட்டு செக்கனுக்கு 20 எம்பி எழுதுற பழைய கார்ட் ஒண்டைப் போட்டா 20 படத்திலை நிக்கும். 30க்கும் 20க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே எண்டு நினைப்பியள், ஆனா நிரம்பின பஃபர் திரும்ப வெறுமையாக நல்ல கார்ட்டிலை 6 செக்கன் காணும், பழைய கார்ட்டிலை 25 செக்கன் நிக்கவேணும். தாலி கட்டேக்கை 25 செக்கன் எண்டா எல்லாம் முடிஞ்சு அட்சதையும் போட்டிருப்பினம். நல்ல கார்ட்டுக்குக் காசு குடுக்கிறது உந்த 25 செக்கனை 6 ஆக்கிறதுக்குத்தான்.

அதே கமராவை ஜேபெக்கிலை, அதாவது கமராவே திருத்திச் சுருக்கித் தாற படத்திலை, விட்டுப் பாருங்கோ. ஒரு படம் 8 எம்பி, 7 படம் 56 எம்பி, கார்ட் எழுதுறது 80. வாறதிலும் பாக்கப் போறது கூட, அதாலை பஃபர் நிரம்பவே நிரம்பாது, கார்ட் முடியுமட்டும் எடுக்கலாம்.

கமராவுக்குக் கமரா பஃபர் சரியா வேறுபடும். கெனன் 1300டி ரோவிலை தொடர்ந்து 6 படம்தான், ஜேபெக் எண்டா ஆயிரத்துக்கு மேலை. நிக்கோன் டி7100 14 பிற் ரோவிலை அதே 6, அடுத்து வந்த டி7200 அதை 18 ஆக்கிச்சுது. கெனன் 80டி சாதாரண கார்ட்டிலை ரோ 20, யூஎச்எஸ் எண்ட வேகமான வகைக் கார்ட் போட்டா 25. பாருங்கோ, கார்ட் மாத்தினதாலை கூடினது அஞ்சே அஞ்சு படம்தான்.

இனிச் செய்ய வேண்டியது. உங்கடை கமராவிலை பஃபர் எவ்வளவு மிச்சம் எண்டு பாக்கிறதைப் பழகுங்கோ, கெனனிலை கண் வைக்கிற ஜன்னலுக்குள்ளை வலப்பக்க மூலையிலை ஒரு சின்ன நம்பர் நிக்கும், நிக்கோனிலை சட்டரைப் பாதி அமத்த ஆர் எழுத்தோடை ஒரு நம்பர் வரும், அது 0 ஆனா நிண்டிடும். பிறகு ஜேபெக்குக்கு மாத்தி அதே மாதிரி அமத்திப் பாருங்கோ, இப்ப நிக்காமல் ஓடினா ஒண்டும் பழுதில்லை. ரோவும் ஜேபெக்கும் சேத்து எடுக்கிற செற்றிங் போட்டிருந்தா ஒண்டை நிப்பாட்டுங்கோ, ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு ஃபைல் எழுதுப்படுறது வீண். அடுத்தது கனபேர் பாக்காமல் விடுறது, ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின்ரை வெளிச்ச உணர்வை, கூட்டேக்கை புள்ளி புள்ளியா வாற நொய்ஸைக் குறைக்கிற செற்றிங்கை உச்சத்திலை வைச்சிருந்தாலோ, லென்ஸின்ரை வளைவை நிமித்திற செற்றிங் ஓனிலை இருந்தாலோ கமரா ஒவ்வொரு படத்தையும் கூட நேரம் பிசைஞ்சுதான் அனுப்பும், பஃபர் எண்ணிக்கை பாதிக்கும் கீழை இறங்கினாலும் ஆச்சரியப்படாதேங்கோ. அதுகளை ஓஃப் பண்ணிப்போட்டு நம்பரைத் திரும்பப் பாருங்கோ. இவ்வளவும் செய்தும் பத்தாட்டித்தான் கார்ட் மாத்திற கதை.

எடுக்கிற விதமும் இருக்கு. சவாரி, கிரிக்கெற் மாதிரி விசயத்துக்கு, வடக்கின் பெரும் போர் மச்சுக்குப் போறவையும் கேளுங்கோ, ஜேபெக்கிலை எடுக்கிறதிலை ஒரு வெக்கமும் இல்லை, வெளிச்சம் நல்லாக் கிடக்கிற மைதானத்திலை ரோ தேவைப்படுறது குறைவு. கலியாணத்துக்கு நான் ரோவை விடச் சொல்லமாட்டன், கூறைச்சீலைச் சிவப்பும் மணவறை லைற்றும் ஒண்டாச் சேர்ந்தா ஜேபெக்கிலை நிறத்தைத் திருத்தேலாது. அங்கை அமத்திப் பிடியாமல் மூண்டு நாலு படமா விட்டு விட்டு அமத்துங்கோ, நடுவிலை கிடைக்கிற ஒவ்வொரு செக்கனிலும் ரெண்டு மூண்டு படத்துக்கு இடம் வெளிச்சிடும், கெட்டிமேளம் முழங்கேக்கை பஃபர் வெறுமையா இருக்கவேணும்.

கார்ட்டுக்கு மேலை 170 எண்டு போட்டிருக்கு, ஆனா எழுதுறது ஊருது

அந்தப் பெரிய நம்பர் வாசிக்கிற வேகம், அதாவது கார்ட்டிலையிருந்து கொம்பியூட்டருக்குப் படம் எடுக்கிற வேகம். எழுதுற வேகம் வேறை, அதைப் பெரிசாப் போடமாட்டினம். யூஎச்எஸ் ஒண்டு எண்ட வகைக்கு எழுதிவைச்ச உச்சமே செக்கனுக்கு 104 எம்பிதான், 170 எண்டு வாறது அந்தக் கொம்பனியின்ரை தனி ரீடரிலை போட்டாத்தான், கமராவுக்குள்ளை அது கிடைக்காது.

நீங்கள் தேடவேண்டியது சின்ன எழுத்திலை கிடக்கிற குறிகள். வி எழுத்துக்குப் பக்கத்திலை 30, 60, 90 எண்டு வந்தா அது செக்கனுக்கு அத்தினை எம்பிக்குக் கீழை இறங்காமல் எழுதும் எண்ட உறுதி. யூ எழுத்துக்குள்ளை 3 எண்டாலும் அதே 30தான், யூவுக்குள்ளை 1 எண்டாலோ வட்டத்துக்குள்ளை 10 எண்டாலோ 10 எம்பி. ஏ1, ஏ2 எண்டு போட்டிருக்கிறது ஃபோனிலை அப் ஓடுறதுக்கு, கமராவுக்கு அதாலை ஒரு பிரயோசனமும் இல்லை.

யூஎச்எஸ் ரெண்டு எண்ட வகைக்கு உச்சம் 312 எம்பி, கார்ட்டின்ரை பின்பக்கத்தைத் திருப்பினா செப்புக் கால்கள் ரெண்டு வரிசையிலை இருக்கும், அதாலை உடனை அடையாளம் பிடிக்கலாம். ஆனா 80டி, 6டி மார்க் ரெண்டு மாதிரி யூஎச்எஸ் ஒண்டு மட்டும் உள்ள கமராவிலை அதைப் போட்டா ரெண்டாவது வரிசை சும்மா கிடக்கும், குடுத்த காசு வீண். உங்கடை கமரா எது எண்டு பாத்துப்போட்டு வாங்குங்கோ.

முதல் நல்லா ஓடின கார்ட் இப்ப மந்தமாப்போச்சு எண்டா படங்களை ரெண்டு இடத்திலை கொப்பி பண்ணிப்போட்டு கமராவுக்குள்ளையே போமற் பண்ணுங்கோ. கெனனிலை போமற் பண்ணேக்கை "லோ லெவல்" எண்டு ஒரு தெரிவு வரும், அதையும் சரி போட்டா நேரம் கூட எடுக்கும், ஆனா மந்தமான கார்ட்டுக்கு அது சரியான மருந்து.

ரெண்டு கார்ட் போடுற கமரா, ஒண்டு நல்ல கார்ட், ஆனாலும் சுணங்குது

ரெண்டிலும் ஒரே படத்தை எழுத விட்டிருந்தா வேகம் குறைஞ்ச பக்கம்தான் முழு வேகத்தையும் தீர்மானிக்கும். கெனன் 5டி மார்க் மூண்டு வைச்சிருக்கிற ஸ்ரூடியோக்காரர் இதைக் கட்டாயம் தெரிஞ்சிருக்கவேணும், அதிலை சிஎஃப் எண்ட பெரிய கார்ட் போடுற பக்கம் நல்ல வேகம், எஸ்டி எண்ட வழமையான சின்னக் கார்ட் போடுற பக்கம் யூஎச்எஸ் வேகத்தை எடுக்கவே எடுக்காது, எவ்வளவு விலையான எஸ்டி கார்ட் போட்டாலும் சரிதான். சோனி ஏ7 மார்க் மூண்டிலை முதலாவது துளை மட்டும்தான் யூஎச்எஸ் ரெண்டு, மற்றது ஒண்டு. வேகம் வேணுமெண்டா 5டியிலை ரோவை சிஎஃப்புக்கும் சின்ன ஜேபெக்கை எஸ்டிக்கும் அனுப்புங்கோ, ஒண்டு பழுதானாலும் மற்றதிலை கலியாணம் கிடக்கும்.

முதல் படத்திலையிருந்தே வேகம் இல்லை

இது பஃபர் இல்லை, ஏனெண்டா பஃபர் எண்டா தொடக்கத்திலை நல்லா ஓடும். முதல் சட்டர் ஸ்பீட்டைப் பாருங்கோ. நல்லூரிலை பின்னேரச் சப்பறத்தை 1/5 செக்கனிலை எடுத்துக்கொண்டு செக்கனுக்கு 7 படம் கேட்டா கமரா எங்கை போறது. ஐஎஸ்ஓவைக் கூட்டி 1/250க்கு மேலை கொண்டு போங்கோ. பிறகு ட்ரைவ் மோட், சத்தமில்லாத தொடர் மோட்டிலை நிண்டா 80டியே செக்கனுக்கு 3தான் எடுக்கும். ஃபோகஸ் பிடிபட்டாப் பிறகுதான் சட்டர் விழும் எண்ட செற்றிங்கிலை இருந்தா இருட்டிலை ஒவ்வொரு படத்துக்கும் தேடித் தேடி நிக்கும். ஃபிளாஷ் போட்டிருந்தா அது திரும்பச் சார்ஜ் ஏறுமட்டும் பொறுக்கவேணும். லைற் மினுங்கிறதை ஒதுக்கிற செற்றிங் ஓன் எண்டாலும் வேகம் குறையும். பற்றரி இறங்கியிருந்தாலும் அப்பிடித்தான்.

ஒரு படம் எடுத்தவுடனை எடுத்த அளவு நேரம் கமரா பூட்டிக்கிடக்கு

கசூரினாக் கடற்கரையிலை இரவிலை 30 செக்கன் திறந்து வைச்சு வானம் எடுத்தா, முடிஞ்சாப் பிறகு இன்னொரு 30 செக்கன் ஒண்டும் செய்யேலாமல் நிக்கும். கார்ட் போய்ட்டுது எண்டு பயந்து மூடியைத் திறந்துபோடாதேங்கோ. நீண்ட எக்ஸ்போசருக்கான நொய்ஸ் குறைப்பு ஓனிலை கிடக்கு, கமரா சட்டரை மூடிக்கொண்டு அதே நேரத்துக்கு இருட்டுப் படம் ஒண்டு எடுத்து முதல் படத்திலை இருந்து கழிச்சுக்கொண்டிருக்கு. வாணவேடிக்கைக்கு அதை ஓஃப் பண்ணிவிடுங்கோ.

64 ஜிபி எண்டு வாங்கினன், 59 தான் காட்டுது, படக் கணக்கும் பொருந்தேல்லை

59 காட்டுறது களவில்லை. கார்ட் செய்யிறவை ஆயிரத்தாலை பெருக்கிறவை, விண்டோஸ் 1024 ஆலை பிரிக்குது, 64 வந்து 59.6 ஆகும், 128 வந்து 119. 

மிச்சப் படம் எண்டு கமரா காட்டுற நம்பர் ஒரு மதிப்பீடு மட்டும்தான். ஜேபெக் ஃபைல் படத்துக்குப் படம் மாறும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையிலை பட்டம் எடுத்தா முக்கால்வாசி வெறும் நீல வானம், ஃபைல் சின்னனா வரும், நாலு படம் எடுத்தும் நம்பர் ரெண்டுதான் இறங்கும். அதே கமராவாலை நல்லூர்க் கோபுரத்தைக் கிட்ட நிண்டு எடுங்கோ, ஒவ்வொரு பொம்மையும் ஒவ்வொரு விளிம்பும் எழுதுப்படவேணும், ஃபைல் அதைவிட எவ்வளவோ பெரிசு. ஐஎஸ்ஓ கூடினாலும் புள்ளி புள்ளியா நொய்ஸ் சேர்ந்து ஃபைல் வீங்கும். அதாலை கோயிலுக்குப் போறவை காட்டுற நம்பரை நம்பி ஒரே கார்ட்டோடை போகாதேங்கோ. நிக்கோனிலை 1.2 எண்டு போட்டு கே எழுத்து நிண்டா அது ஆயிரத்து இருநூறு, ஒண்டு சொச்சப் படம் இல்லை, இதைக் கேட்டும் ஆக்கள் வந்திருக்கினம்.

இடம் கிடக்கு, ஆனா சட்டரே விழுதில்லை

கார்ட்டின்ரை இடப்பக்கச் சின்னப் பூட்டுத்தட்டு கீழை இறங்கியிருக்கோ எண்டு பாருங்கோ, தேய்ஞ்சு தொளதொளத்துப்போன தட்டு கமராவுக்குள்ளை தள்ளேக்கையே இறங்கிடும், அப்பிடியான கார்ட்டை மாத்திறதுதான் நல்லது.

அது சரி எண்டா ஃபோல்டர் நம்பரைப் பாருங்கோ. ஃபைல் நம்பர் 9999 மட்டும்தான் போகும், பிறகு புது ஃபோல்டர் திறக்கும், ஃபோல்டரும் 999 ஆகி ஃபைலும் 9999 ஆனா கார்ட்டிலை பாதி வெறுமையாக் கிடந்தாலும் கமரா மறுக்கும். ஸ்ரூடியோவிலை நாலுபேர் ஒரு பெட்டிக் கார்ட்டை மாறி மாறிப் போடுற இடத்திலை இது வரும், ஏனெண்டா மற்றக் கமரா போட்ட நம்பரிலையிருந்து இந்தக் கமரா தொடரும். நிக்கோனிலை ஃபைல் நம்பர் தொடர்ச்சியை ரீசெற் பண்ணிப்போட்டுப் போமற் பண்ணுங்கோ. கெனனிலை வெறுமையாப் போமற் பண்ணின கார்ட் ஒண்டைப் போட்டுப் பாருங்கோ.

மக் கொம்பியூட்டரிலை போட்டுப் படங்களை அழிச்சவை எண்டா, அங்கை குப்பைத்தொட்டியை வெறுமையாக்காட்டி படம் ஒளிச்சபடி கார்ட்டிலைதான் இடம்பிடிச்சு நிக்கும். சோனியிலை டேட்டாபேஸ் பிழை எண்டு வந்தா மெனுவிலை அதைச் சீர்செய்யிற தெரிவு கிடக்கு, அதை ஓட விடுங்கோ. கெனனிலை எரர் 02 எண்டு வந்தா கார்ட்டைக் கழட்டித் திரும்பப் போடுங்கோ, பிறகும் வந்தா வேறை கார்ட். பழைய கமரா ஒண்டிலை 64 ஜிபி ஏறவே ஏறேல்லை எண்டா அது 32 ஜிபி மட்டுமான எஸ்டிஎச்சி வகையைத்தான் எடுக்கும், 32க்கு மேலை எஸ்டிஎக்ஸ்சி, அது வேறை ஃபைல் முறை.

வீடியோ தன்ரை பாட்டிலை நிக்குது

எத்தினையாவது நிமிசத்திலை எண்டு பாருங்கோ, அதிலையே விடை கிடக்கு. 29 நிமிசம் 59 செக்கன் எண்டா அது கமரா செய்யேக்கையே போட்ட கட்டுப்பாடு, ஐரோப்பாவிலை 30 நிமிசம் பதியிற கமராவை வீடியோ கமரா எண்டு வகைப்படுத்திச் சுங்கவரி போட்டதாலை கொம்பனிகள் ஒரு செக்கன் முன்னாலை நிப்பாட்டிவிட்டவை. வீரசிங்கம் மண்டபத்திலை அரங்கேற்றம் எடுக்கிறவை ஒவ்வொரு உருப்படியும் முடிய தாங்களே நிப்பாட்டித் திரும்பத் தொடங்கவேணும், வர்ணத்துக்கு நடுவிலை நிண்டா மனுசர் மன்னிக்கமாட்டினம். 4 ஜிபியிலை ஃபைல் துண்டுபடுறது பழைய ஃபைல் முறையின்ரை எல்லை, அனேகமான கமரா தானே அடுத்த ஃபைலைத் தொடங்கும், 5டி மார்க் ரெண்டு மாதிரிப் பழையது நிண்டிடும்.

சில செக்கனிலையே நிண்டா, அதுவும் கெனன் திரையின்ரை வலப்பக்கத்திலை தெர்மாமீட்டர் மாதிரி ஒரு கோடு ஏறி ஏறி வந்து நிண்டா, கார்ட் மந்தம். செக்கனுக்கு 100 மெகாபிற் வீடியோவுக்குத் தேவை 12.5 எம்பிதான், வி30 தாராளம், வி90க்குக் காசு கொட்டவேண்டாம். அந்த அளவிலை ஒரு மணித்தியாலம் 45 ஜிபி, 128 ஜிபியிலை மூண்டு மணித்தியாலம் கூட முழுசா வராது.

முதல் படங்கள் நல்லாக் கிடக்கு, பிறகு எடுத்தது பாதி சாம்பல், திறக்குதில்லை

உடனை எடுக்கிறதை நிப்பாட்டுங்கோ. கார்ட்டைப் பக்கத்திலை வையுங்கோ, போமற் பண்ணாதேங்கோ, ஒண்டும் எழுதாதேங்கோ. ஃபோட்டோரெக் எண்ட இலவச மென்பொருளாலை லப்டொப்பிலை வாசிச்சு, கிடைக்கிறதை வேறை ட்ரைவிலை போடுங்கோ.

பிறகு கார்ட் போலியோ எண்டு பாக்கவேணும். 8 ஜிபி சிப்பை வைச்சு 128 எண்டு பொய் சொல்ல விட்ட கார்ட்டுகள் சந்தையிலை தாராளமாக் கிடக்கு, முதல் 8 ஜிபி ஒழுங்காப் போகும், அதுக்கு மேலை எழுதுறது எங்கையும் போகாது, இல்லாட்டி பழைய படத்துக்கு மேலையே விழும், கமரா இதை அறியாது, திரையிலை நம்பர் மட்டும் ஒழுங்கா இறங்கிக்கொண்டிருக்கும். பெட்டியையும் ஸ்ரிக்கரையும் பாத்து இதைப் பிடிக்கேலாது. விண்டோஸிலை எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மக்கிலும் எஃப்3, ரெண்டும் காசில்லை. வெறுமையான கார்ட்டை ரீடரிலை போட்டு முழு இடத்தையும் எழுதி வாசிக்க விடுங்கோ, யூஎஸ்பி 2 ரீடர் எண்டா 128 ஜிபிக்கு மணித்தியாலக் கணக்கிலை எடுக்கும், இரவு போட்டுட்டுப் படுங்கோ. கடைசியிலை பிழை எண்டு வந்தா எத்தினை ஜிபி உண்மை எண்டும் சொல்லும், எழுதின வேகத்தையும் சொல்லும், அதை ஃபோனிலை படம் எடுத்துக்கொண்டு பில்லோடை கடைக்குப் போங்கோ. பில் தரமாட்டன் எண்ட கடையிலை கார்ட் வாங்காதேங்கோ.